பேச மறந்த பிள்ளைகளும் மரியா மொண்டிசோரியும்

ஹட்டன், தலவாக்கலை, பொகவந்தலாவை, நுவரெலியா என மலையகத்தின் எந்த நகரத்திற்குச் சென்றாலும் முன்பள்ளிப் பெயர்ப்பலகை ஒன்றிலாவது மொண்டிசோரி என்ற சொல்லைக் காணலாம். கடைத்தெருவில் வாழும் தமிழ், முஸ்லிம் குடும்பங்களும் சரி, லயத்து வீடுகளில் வாழும் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களும் சரி, பிள்ளையை மொண்டிசோரிக்கு அனுப்புகிறோம் என்றே சொல்லுகின்றனர். முன்பள்ளி என்ற சொல் அரசாங்கக் கடிதங்களில் இருக்கின்றது. மக்களின் வாயில் இருப்பது மொண்டிசோரிதான். அது ஒரு பெண்ணின் பெயர் என்பதையும், அப்பெண் ஆசிரியராக அல்லாது வைத்தியராகவே பிள்ளைகளிடம் வந்து சேர்ந்தார் என்பதையும், அவர் முதலில் கண்டவர்கள் சீருடை அணிந்த பிள்ளைகள் அல்லர், பூட்டிய அறையொன்றில் அடைபட்டுக் கிடந்த பிள்ளைகள் என்பதையும் அறிந்தவர்கள் நம்மிடையே சிலரே.

அவரது வாழ்க்கையை இப்போது நினைவுகூர்வதற்குக் காரணம் உண்டு. 2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா சூறாவளியும் அதனோடு வந்த பெருமழையும் நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களின் மலைச்சரிவுகளைப் பெயர்த்துக்கொண்டு வந்தன. நூற்றுக்கணக்கான உயிர்கள் போயின. வீடுகள் மண்ணுக்குள் சென்றதைத் தம் கண்ணாலேயே கண்ட பிள்ளைகள் இருக்கின்றனர். இத்தகைய வேளைகளில் அரிசியும் பருப்பும் உடைகளும் அப்பியாசக் கொப்பிகளும் வந்து சேர்கின்றன, அவை வேண்டியவையே. மழை இரையத் தொடங்கியதும் உடல் நடுங்கும் பிள்ளைக்கு, தாயின் சேலையை விடாது பற்றித் திரியும் பிள்ளைக்கு, சில வேளைகளில் பேச்சையே நிறுத்திவிட்ட பிள்ளைக்கு என்ன செய்வது என்பது பற்றி நாம் பேசுவது குறைவு. நூறாண்டுகளுக்கும் முன்னர் இதே கேள்வி மரியா மொண்டிசோரியின் முன்னால் வந்து நின்றது. அவரது வரலாற்றில் அதிகம் பேசப்படாத அந்த அத்தியாயத்தையே நாம் இங்கு முதன்மையாக எடுத்துக்கொள்கிறோம்.

மரியா 1870 ஆகஸ்ட் 31ஆம் திகதி இத்தாலியின் அங்கோனா மாகாணத்தைச் சேர்ந்த கியாரவல்லே என்ற சிற்றூரில் பிறந்தார். தந்தை அலெஸ்ஸாந்திரோ அரச நிதித்துறை உத்தியோகத்தர். தாய் ரெனில்டே வாசிப்பில் நாட்டமுள்ளவர். மகளின் விருப்பங்களுக்குத் துணை நின்றவரும் அவரே. குடும்பம் ரோம் நகருக்கு இடம்பெயர்ந்த பின், ஆண் பிள்ளைகள் பயிலும் தொழில்நுட்பப் பாடசாலையில் மரியா சேர்ந்தார். பொறியியலாளராக வேண்டும் என்ற எண்ணம் பின்னர் மருத்துவத்தின் பக்கம் திரும்பிற்று. ரோம் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் ஆண் மாணவர்களோடு சேர்ந்து ஒரு பெண் பிரேதத்தை அறுத்துப் படிப்பது தகாது என்று கருதப்பட்டமையால், மற்றவர்கள் சென்ற பிறகு மாலை வேளையில் தனியாக அப்பயிற்சியை அவர் முடிக்க வேண்டியிருந்தது. 1896இல் பட்டம் பெற்றார். இத்தாலியில் மருத்துவப் பட்டம் பெற்ற முதற் சில பெண்களில் அவரும் ஒருவர். அதே ஆண்டில் பேர்லினில் நடந்த சர்வதேசப் பெண்கள் மாநாட்டிற்குச் சென்று, வேலைசெய்யும் பெண்களுக்கு ஆண்களுக்கு நிகரான கூலி வேண்டும் என்று வாதிட்டார். தேயிலைத் தோட்டங்களில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே சம்பளம் என்பது 1980களிலேயே கைகூடியது என்பதை நினைத்துப் பார்த்தால் அந்த வாதத்தின் காலம் விளங்கும்.

பட்டம் பெற்றதும் பல்கலைக்கழக மனநோய்ச் சிகிச்சைப் பிரிவில் பணியாற்றிய அவர், அதற்காக நகரத்து மனநோய் விடுதிகளுக்குச் சென்று வந்தார். அறிவு மழுங்கியவர்கள் என்று ஒதுக்கப்பட்ட பிள்ளைகளும் வளர்ந்த நோயாளருடன் அங்கே அடைக்கப்பட்டிருந்தனர். அவர்களது அறையில் நான்கு சுவர்களைத் தவிர எதுவும் இல்லை. சாப்பாடு முடிந்ததும் தரையில் விழுந்த ரொட்டித் துணுக்குகளைப் பொறுக்குவதற்கு அப்பிள்ளைகள் பாய்வதைக் கண்ட பராமரிப்பாளருக்கு அது அருவருப்பூட்டும் பெருந்தீனி ஆசையாகத் தோன்றியது. மரியாவுக்கு அது வேறொன்றாகப் பட்டது. தொட்டுப் பார்க்கவும் கையில் வைத்து உருட்டவும் அந்த அறையில் வேறு எந்தப் பொருளும் இல்லையே என்பதை அவர் கவனித்தார். பசி வயிற்றில் இல்லை, கையிலும் மனத்திலும் இருக்கின்றது என்ற முடிவுக்கு வந்தார். ஒரு பிள்ளையின் ஒழுங்கற்ற நடத்தையைக் குற்றமாகப் பார்க்காமல், அப்பிள்ளைக்கு என்ன நேர்ந்தது, என்ன கிடைக்கவில்லை என்று கேட்பது இன்றைய சிறுவர் உளச்சிகிச்சையின் அடிப்படைப் பாடம். அந்தப் பாடத்தை அவர் ரொட்டித் துணுக்கிலிருந்து கற்றார்.

பிரான்ஸ் நாட்டு வைத்தியர்களான இட்டார், செகுவின் ஆகியோர் செவிப்புலன் அற்ற, மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகளுக்காக எழுதிய நூல்களைத் தேடிப் படித்து, 1900இல் ரோமில் ஆரம்பிக்கப்பட்ட விசேட கல்வி நிலையத்தின் இணைப் பணிப்பாளரானார். மற்றைய பணிப்பாளர் யுசெப்பே மொண்டெசானோ. இவ்விருவருக்கும் 1898இல் மரியோ என்ற மகன் பிறந்திருந்தான். திருமணம் நடைபெறவில்லை. திருமணமாகாத பெண் வைத்தியருக்குப் பிள்ளை இருக்கின்றது என்பது வெளியே தெரிந்தால் அவரது தொழிலும் மதிப்பும் அன்றோடு முடிந்துவிடும் காலம் அது. பிள்ளை கிராமத்துக் குடும்பம் ஒன்றிடம் வளர்க்கக் கொடுக்கப்பட்டது. மொண்டெசானோ வேறொரு பெண்ணை மணந்துகொள்ள, மரியா அந்த நிலையத்தை விட்டு விலகினார். உலகத்துப் பிள்ளைகளைப் பற்றி அவர் எழுதிய காலத்தில் அவரது சொந்தப் பிள்ளை வேறொருவரின் வீட்டில் வளர்ந்துகொண்டிருந்தது. இதைக் கொண்டு அவரைக் குறைகூறுவோர் உளர். மத்திய கிழக்கு நாடுகளுக்குப் பணிப்பெண்களாகச் சென்று, பிள்ளையைப் பாட்டியிடம் விட்டுவிட்டு வாழும் எம் தாய்மாரை அறிந்த நாம் அந்தத் தீர்ப்பில் அவசரப்பட மாட்டோம். பிரிவு தாயையும் பிள்ளையையும் ஒருங்கே காயப்படுத்துகின்றது. மரியோ தமது பதினைந்தாவது வயதளவில் தாயிடம் வந்து சேர்ந்தார். பின்னர் அவர் இறக்கும்வரை பெரும்பாலும் பிரியவில்லை.

1907 ஜனவரி 6ஆம் திகதி ரோமின் சான் லொரென்சோ பகுதியில் முதலாவது சிறுவர் இல்லம் திறக்கப்பட்டது. அதன் பின்னணி மலையக வாசகர்களுக்குப் பரிச்சயமானதாகவே இருக்கும். அது தொழிலாளர் குடியிருப்பு. தாயும் தந்தையும் விடிந்ததும் வேலைக்குப் போய்விட, பாடசாலை செல்லும் வயது வராத பிள்ளைகள் மாடிப்படிகளில் திரிந்து சுவர்களைப் பாழ்படுத்தினர். கட்டடத்தின் உரிமையாளர்களுக்குப் பிள்ளைகளைப் பற்றிய கவலையை விடச் சுவரைப் பற்றிய கவலையே பெரிது. பிள்ளைகளை ஓர் அறையில் சேர்த்து வைத்துக் காவல் காப்பதற்கு ஒருவரைத் தேடினர். எங்கள் தோட்டங்களில் பிள்ளைக் காம்பரா தோன்றியதும் இப்படித்தான். கொழுந்து பறிக்கும் கைகள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நிற்கக் கூடாது என்பதற்காக, வேலைக்கு ஏலாத வயதான பெண் ஒருவரின் பொறுப்பில், கூரை மரத்தில் கட்டிய சேலைத் தொட்டில்களில் குழந்தைகள் விடப்பட்டனர். நோக்கம் இரண்டு இடங்களிலும் ஒன்றே. சான் லொரென்சோவில் மட்டும், காவல் காக்க அழைக்கப்பட்டவர் காவலோடு நிற்கவில்லை.

பிள்ளைகளின் உயரத்திற்கேற்ற மேசைகளையும் கதிரைகளையும் செய்வித்தார். அவர்களே எடுத்து, அவர்களே திரும்ப வைக்கக்கூடிய தாழ்ந்த அலுமாரிகளை வைத்தார். முன்னைய நிலையத்தில் பயன்படுத்திய மரத்துண்டுகள், உருளைகள், வடிவங்கள் ஆகியவற்றைக் கொண்டுவந்தார். உருளைகளை அவற்றின் குழிகளில் பொருத்திக்கொண்டிருந்த மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி, சுற்றிலும் பிள்ளைகளைப் பாடவைத்தும் அவளைக் கதிரையோடு தூக்கி மேசைமேல் வைத்தும் கவனம் கலையாது நாற்பதுக்கும் மேற்பட்ட தடவைகள் அதையே திரும்பச் செய்தாள். முடிந்ததும் களைப்பின்றி நல்ல உறக்கத்திலிருந்து எழுந்தவள் போல மலர்ந்த முகத்தோடு நிமிர்ந்தாள். பிள்ளைக்குத் தன் கையால் செய்யும் வேலை விளையாட்டு மாத்திரமன்று, ஓய்வும் மருந்தும் கூட என்ற எண்ணம் அங்கே வேரூன்றியது.

அந்த எண்ணம் விரைவிலேயே கடுமையான சோதனைக்கு உள்ளானது. 1908 டிசம்பர் 28ஆம் திகதி அதிகாலை சிசிலித் தீவின் மெசினா நகரத்தை நிலநடுக்கமும் அதைத் தொடர்ந்த கடற்கோளும் அழித்தன. 75,000க்கும் அதிகமானோர் மாண்டனர். இடிபாடுகளிலிருந்து எடுக்கப்பட்ட ஏறக்குறைய அறுபது பிள்ளைகள் ரோமுக்குக் கொண்டுவரப்பட்டு, யுஸ்தி வீதியிலிருந்த மரியாளின் பிரான்சிஸ்கன் மிஷனரிச் சகோதரிகளின் மடத்தில் தங்கவைக்கப்பட்டனர். கொழும்பு பொது வைத்தியசாலையில் நெடுங்காலம் தாதியராகப் பணிபுரிந்த சகோதரிகளும் இதே சபையினரே. அப்பிள்ளைகளில் பலரின் பெயர்கூட எவருக்கும் தெரியாது. பெற்றோர் யார், எந்தத் தெரு, எந்த வீடு என்று சொல்வதற்கு உறவினர் எவரும் மிஞ்சவில்லை. எல்லோரையும் ஒரே அதிர்ச்சி ஒரேவிதமாக ஆக்கிவிட்டிருந்தது. பேசவில்லை; எதையும் கவனிக்கவில்லை; ஊட்டினாலும் உண்ண மறுத்தனர்; உறக்கம் வரவில்லை. இரவு முழுவதும் அலறலும் அழுகையும் கேட்டன.

மரியா எழுதிவைத்த பதிவுகளிலிருந்து அங்கு நடந்தது ஓரளவு தெரியவருகின்றது. அவர் பிள்ளைகளைச் சுற்றி அமரவைத்து நிலநடுக்கத்தைப் பற்றிக் கேட்கவில்லை. அழாதே என்று அதட்டவும் இல்லை. மறந்துவிடு என்று ஆறுதல் கூறவும் இல்லை. முதலில் இடத்தைச் சீர்செய்தார். பாரமற்ற, பளிச்சென்ற நிறமுடைய சிறு மேசைகளும் கதிரைகளும் வந்தன. சிறு அலுமாரிகளுக்கு வண்ணத் திரைகள் தொங்கின. மேசைகளில் பூச்சாடிகள் வைக்கப்பட்டன. பாத்திரங்கள் வளர்ந்தவர்களின் முரட்டுப் பாத்திரங்கள் அல்ல, பிள்ளைகளின் கைக்கேற்ற அளவில் நல்ல பீங்கானும் கரண்டிகளும். ஒவ்வொரு நாளும் ஒரே ஒழுங்கில் கழிந்தது. மேசைவிரிப்பை விரிப்பது, தட்டுகளை அடுக்குவது, துடைப்பது, செடிக்கு நீர் ஊற்றுவது, பொத்தான் போடுவது எனச் சிறு சிறு வேலைகள். சகோதரிகள் அவற்றை ஒன்றொன்றாக, அவசரமின்றி, நுணுக்கமாகச் செய்து காட்டினர். பிள்ளைகள் அந்த நுணுக்கத்தையே பிடித்துக்கொண்டனர்.

சில காலத்தில் பசி திரும்பியது. அதன்பின் உறக்கம் திரும்பியது. பின்னர் அதே பிள்ளைகள் தோட்டத்தில் ஓடுவதையும், அறையிலிருந்த பொருட்களை மரத்தடிக்குத் தூக்கிச் செல்வதையும் கண்டனர். முகத்தின் களை மாறியது. அதிர்ச்சியில் ஒரே அச்சாகிவிட்டிருந்த அறுபது பிள்ளைகளும் மறுபடி அறுபது வெவ்வேறு பிள்ளைகள் ஆயினர்.

இந்த விவரத்தை அப்படியே மருந்துச்சீட்டாக எடுத்துக்கொள்வது சரியன்று. அக்காலத்தில் ஒப்பீட்டு ஆய்வு நடத்தப்படவில்லை. நல்ல உணவும், நாட்கள் கடந்ததும், சகோதரிகளின் பரிவும் சேர்ந்தே அம்மாற்றத்தை உண்டாக்கியிருக்கும். தம் முறையின் வெற்றியைச் சொல்லும்போது மரியா சற்று உயர்த்திச் சொல்லும் இயல்புடையவர் என்பதையும் மறுப்பதற்கில்லை. ஆயினும் அவர் செய்த காரியங்களின் வரிசையைப் பார்க்க வேண்டும். முதலில் பாதுகாப்பான இடம், அடுத்து மாறாத நாளொழுங்கு, பிறகு அமைதியான பெரியவர் ஒருவரின் அண்மை, அதன் பின்னர் கைவேலை. பேச்சு தானாக வந்தது. அனர்த்தத்திற்கு உட்பட்டோரை நடந்ததைச் சொல்லும்படி வற்புறுத்தக்கூடாது என்று உலக சுகாதார ஸ்தாபனமும் பிற நிறுவனங்களும் 2011இல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கைநூல் கூறுகின்றது. ஒரு நூற்றாண்டு முன்னரே யுஸ்தி வீதி மடத்தில் அது கடைப்பிடிக்கப்பட்டது.

இந்த அனுபவம் அவரை விட்டு நீங்கவில்லை. முதலாம் உலக யுத்தத்தின்போது, 1917இல், வெள்ளைச் சிலுவை என்ற அமைப்பை உருவாக்க வேண்டும் என்ற யோசனையை அவர் முன்வைத்தார். செஞ்சிலுவை, செம்பிறைச் சங்கங்கள் உடற்காயத்திற்கு மருந்திடுகின்றன; யுத்தத்தைக் கண்ட பிள்ளையின் மனக்காயத்திற்கு மருந்திடுவோர் யார் என்பதே அவரது கேள்வி. முதலுதவி, நரம்புத் தளர்ச்சி, பிள்ளைகளின் போசாக்கு, உளவியல் ஆகியவற்றைக் கற்ற ஆசிரியத் தாதியரைப் பயிற்றி, போரால் அழிந்த ஊர்களுக்கு அனுப்புவது திட்டம். இத்தகைய காயத்துடன் வளரும் பிள்ளைகள் ஒரு தலைமுறையையே பலவீனப்படுத்துவர் என்றும், சிகிச்சையின்றி விட்டால் தீங்கு அடுத்த தலைமுறைக்கும் செல்லும் என்றும் அவர் எச்சரித்தார். போதிய ஆதரவு கிட்டாததால் திட்டம் எழுத்தளவில் நின்றுவிட்டது. அவரது வாழ்வின் பெரிய தோல்வி இதுவே என்பது எமது எண்ணம். உலகெங்கும் பரவிய அவரது பாடசாலைகள் காலப்போக்கில் வசதியுள்ளோரின் பிள்ளைகளுக்கு உரியவையாக மாறின. காயப்பட்ட பிள்ளைகளுக்கென அவர் எண்ணியதோ பிறக்கவே இல்லை.

மற்றொரு குறையையும் சொல்லியாக வேண்டும். 1924 முதல் பத்தாண்டுகள் அளவில் முசோலினியின் அரசாங்கம் அவரது பாடசாலைகளுக்கு ஆதரவளித்தது. அதை அவர் ஏற்றார். பிள்ளைகளைச் சிப்பாய்களாக்க விரும்பும் ஆட்சியும் பிள்ளையின் சுதந்திரத்தைப் பேசும் கல்வியும் ஒரே கூரையின் கீழ் நெடுநாள் வாழ முடியாது. 1934இல் இத்தாலியில் அவரது பாடசாலைகள் மூடப்பட்டன. ஜேர்மனியில் நாசிகளும் அவற்றை மூடினர். 1936இல் ஸ்பெயினின் உள்நாட்டு யுத்தம் அவரைப் பார்சலோனாவிலிருந்து விரட்ட, நெதர்லாந்தில் புகலிடம் தேடினார். அறுபத்தாறு வயதில் அவரே அகதியானார்.

1939 நவம்பரில் அவரும் மரியோவும் சென்னை அடையாறில் உள்ள பிரம்மஞான சபைக்கு வந்தனர். சில மாதங்களுக்கென வந்த பயணம் ஏழாண்டுகளாக நீண்டது. 1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கியதும் இருவரும் பிரித்தானியருக்கு எதிரி நாட்டவர் ஆயினர். மரியோ அகமத்நகர் தடுப்பு முகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டார். மரியா அடையாறை விட்டு வெளியேறக் கூடாதென உத்தரவு. மகனைப் பிரிந்து வாழ்வது அவருக்கு இரண்டாவது தடவை. அவரது எழுபதாவது பிறந்தநாளான 1940 ஆகஸ்ட் 31ஆம் திகதி, பிறந்தநாள் பரிசாக மரியோவை விடுதலை செய்வதென வைஸ்ராய் தீர்மானித்தார். உலகத்தின் முன் மருமகன் என்றும் வளர்ப்பு மகன் என்றும் அறிமுகப்படுத்தப்பட்டு வந்தவரை, எந்த மறைப்புமின்றி மகன் என்றே குறித்து அச்செய்தி வந்தது என்று வரலாற்றாசிரியர்கள் கூறுகின்றனர்.

1942 முதல் 1944 வரை கொடைக்கானலில் வாழ்ந்தார். அங்கே பல நாட்டவரின், பல வயதுப் பிள்ளைகளும் ஒன்றாகப் பயின்ற சிறு பாடசாலை ஒன்று உருவாயிற்று. செடி, பூச்சி, நீரோடை என்று மலையையே பாடநூலாகக் கொண்டு அங்கு அவர் வளர்த்த முறை பின்னர் அவரது ஆரம்பக் கல்வித் திட்டத்தின் அடித்தளமானது. அப்பாடசாலையில் துணைநின்றவர்களில் இலங்கையரான லீனா விக்கிரமரத்ன குறிப்பிடத்தக்கவர். பிற்காலத்தில் அமெரிக்கா சென்று ஆசிரியர்களைப் பயிற்றியவர். தேயிலை விளையும் மலைநாட்டிற்கு ஒப்பான குளிரும் மூடுபனியும் உள்ள அந்த ஊரிலிருந்து, 1944இல் மரியா கொழும்புக்கு வந்து பயிற்சி வகுப்பு நடத்தினார். இலங்கையில் அவரது பெயர் நிலைத்தது அதன் பின்னர்தான்.

அவர் இத்தாலிய மொழியில் பேச, மரியோ ஆங்கிலத்தில் மொழிபெயர்ப்பது அவ்வகுப்புகளின் வழமை. ஆகவே ஆங்கிலம் அறிந்தோரே அவற்றில் பயில முடிந்தது. பிள்ளைக் காம்பராவில் தொட்டில் ஆட்டிய மூதாட்டிக்கும் அந்த வகுப்புக்கும் இடையே கடக்க முடியாத தூரம் இருந்தது. 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் மலையக மக்களை நாடற்றவர்களாக்கியது. 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென முடிவுசெய்து குடும்பங்களைப் பிரித்தது. தலைமன்னார்க் கப்பலுக்குப் புறப்பட்ட புகையிரதங்களின் அருகே அழுதுநின்ற பிள்ளைகளின் மனத்தை எவரும் அளக்கவில்லை. 1977இலும் 1981இலும் 1983இலும் எரிந்த லயங்களைக் கண்ட பிள்ளைகள் இன்று பாட்டன், பாட்டியர். 1990இல் வடக்கிலிருந்து சில மணித்தியாலங்களில் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் பிள்ளைகள் புத்தளத்து முகாம்களில் வளர்ந்தனர். வெள்ளைச் சிலுவைத் திட்டத்தில் மரியா எச்சரித்த தலைமுறைத் தொடர்ச்சி எமக்குப் புத்தகச் செய்தியன்று.

அவரது முறை காயப்பட்ட பிள்ளைகளைத் தேடிச் சென்றதற்கு நம் நாட்டிலேயே உறவான எடுத்துக்காட்டு உண்டு. 1996இல் மட்டக்களப்பில் இயேசு சபைத் துறவி போல் சற்குணநாயகம் அடிகளாரும் கனடிய ஓவியர் போல் ஹோகனும் மற்றும் பலரும் சேர்ந்து தொடங்கிய வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்காவில், யுத்தத்தைக் கண்ட தமிழ், முஸ்லிம் பிள்ளைகள் ஒன்றாக மண் பிசைந்தனர், வண்ணம் தீட்டினர், கதை கட்டினர், பிராணிகளைப் பராமரித்தனர். அது மொண்டிசோரிப் பாடசாலை அன்று. ஆனால் பிள்ளையைக் கேள்வி கேட்பதற்கு முன்னர் அவனது கைகளுக்கு வேலை கொடுக்க வேண்டும் என்பதில் இரண்டும் ஒன்றே.

பேசுவதே கூடாது என்பதும் தவறு. ஆழிப்பேரலைக்குப் பின்னர் வடகிழக்கு முகாமொன்றில், 8 முதல் 14 வயது வரையிலான 31 பிள்ளைகளிடையே நடத்தப்பட்டு 2009இல் வெளியான ஆய்வொன்று இதற்குச் சான்று. ஒரு பகுதியினருக்குத் தம் வாழ்க்கைக் கதையை ஒழுங்காகச் சொல்லவைக்கும் சிகிச்சையும், மற்றைய பகுதியினருக்குத் தியானமும் தளர்வுப் பயிற்சியும் ஆறு அமர்வுகளில் வழங்கப்பட்டன. இரண்டு பகுதியிலும் பெரும்பாலான பிள்ளைகள் தேறினர். சிகிச்சையளித்தோர் வெளிநாட்டு நிபுணர்கள் அல்லர், பயிற்சி பெற்ற உள்ளூர்வாசிகள். பேசவைப்பதற்குப் பயிற்சி வேண்டும். நிவாரணப் பொதியைக் கொடுத்துவிட்டுக் கையில் படிவத்தோடு அமர்ந்து என்ன நடந்தது என்று விசாரிப்பது சிகிச்சையாகாது. வாரக்கணக்கில் உறங்காத, தன்னைத் தானே காயப்படுத்தும், சாவைப் பற்றிப் பேசும் பிள்ளைக்கோ இளைஞருக்கோ மனநல வைத்தியரின் உதவி தாமதமின்றி வேண்டும். அங்கே எந்தப் பூச்சாடியும் போதாது.

பெருந்தோட்டங்களில் இன்று பிள்ளைக் காம்பரா என்ற பெயர் மறைந்து சிறுவர் அபிவிருத்தி நிலையம் என்ற பெயர் வந்திருக்கின்றது. பல இடங்களில் கட்டடங்களும் பயிற்சி பெற்ற உத்தியோகத்தர்களும் உண்டு. வைத்தியசாலை பல மைல் தூரத்தில் இருக்கும் தோட்டத்தில், மண்சரிவைக் கண்ட நான்கு வயதுப் பிள்ளையை மறுநாள் காலையில் முதலில் சந்திக்கும் வெளியாள் அந்த உத்தியோகத்தரே. அவருக்கு மெசினாப் பிள்ளைகளின் கதை தெரிந்திருக்க வேண்டும் என்று கேட்பது பேராசையன்று. மற்றொரு பக்கம், மொண்டிசோரியின் பெயரைத் தாங்கிய முன்பள்ளிகள் பலவற்றில் மூன்று வயதுப் பிள்ளை நான்கு கோட்டுக் கொப்பியில் எழுத்துகளை நிரப்புகின்றது. ஆண்டு முடிவில் கறுப்பு அங்கியும் தொப்பியும் அணிந்து படம் எடுத்துக்கொள்கின்றது. பிள்ளைக்கு வீட்டுவேலை கொடுக்கவில்லையா என்று பெற்றோரே கேட்கும்போது ஆசிரியைகளை மட்டும் குறைசொல்லிப் பயனில்லை.

1946இல் ஐரோப்பா திரும்பிய மரியா மறுபடியும் இந்தியாவுக்கு வந்தார். 1949இல் புதிதாகப் பிறந்த பாகிஸ்தானின் கராச்சி நகரிலும் வகுப்பு நடத்தினார். பிரிவினையின் குருதி உலராத காலம் அது. 1949, 1950, 1951 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் சமாதானத்திற்கான நோபல் பரிசுக்கு அவரது பெயர் முன்மொழியப்பட்டது, பரிசு கிடைக்கவில்லை. இறுதி உயிலில் மரியோவைத் தம் மகன் என்றே எழுதினார்.

1952 மே 6ஆம் திகதி நெதர்லாந்தின் நூர்ட்வெய்க் என்ற கடற்கரை ஊரில் அவரது உயிர் பிரிந்தது. வயது 81. அன்று ஆபிரிக்காவுக்குச் சென்று ஆசிரியர்களைப் பயிற்றுவது பற்றி மரியோவுடன் பேச்சு நடந்ததாகவும், அந்த வெயிலில் அவர் பயணம் செய்வதற்கு மரியோ தயங்கியதாகவும், போவதற்கு அவரோ ஆயத்தமாகவே இருந்ததாகவும் அவரது வரலாற்றை எழுதியோர் குறிப்பிடுகின்றனர். அந்த ஊரின் கத்தோலிக்க மயானத்திலேயே அவரை அடக்கம் செய்தனர்.